பார்த்தால் தெரியாது

பூங்காவின் வாசலைத் தாண்டியதும் அவள் கண் தேடியது ராட்டினத்தை அல்ல, நிழலை. எங்கே பெஞ்சு இருக்கிறது, எந்தப் பெஞ்சுக்கு மேல் கூரை இருக்கிறது என்று பார்வை தானாக ஓடியது. கழுத்தைச் சுற்றி ஈரத் துண்டு. கைப்பையில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள். மற்ற பெண்கள் பிள்ளைகளுக்குத் தின்பண்டமும் மாற்றுத்துணியும் சுமந்து வர, இவள் ஐஸைச் சுமந்துகொண்டு வந்திருந்தாள். உதட்டில் சாயம் வேறு. நோயாளி என்றால் நோயாளி மாதிரி வர வேண்டாமா என்று யாராவது கேட்கலாம். பார்லரில் வேலை பார்ப்பவளுக்கு உதட்டுச் சாயம் இல்லாமல் தெருவில் இறங்க வராது, அவ்வளவுதான்.

அவளுக்கு நரம்பில் கோளாறு. நரம்பின் மேலுறை அங்கங்கே தேய்ந்துபோகிறதாம். காலையில் எல்லாரையும் போல எழுந்து நடப்பாள். வெயிலில் உடம்பு சூடானாலோ, ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றாலோ, கால் அவள் பேச்சைக் கேட்காது, கண் மங்கும். குளிர்ச்சியான இடத்தில் கொஞ்ச நேரம் படுத்தால் பழையபடி ஆகிவிடும். வந்ததற்கும் அடையாளம் இருக்காது, போனதற்கும் இருக்காது. நாள் முழுக்க நின்று முடி வெட்டியவள் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து புருவம் மட்டும் திருத்துகிறாள். "உனக்கென்னம்மா, ராணி மாதிரி உக்காந்தே சம்பாதிக்கறே" என்பார்கள் வருகிற பெண்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நல்லவன்தான். டாக்டர் அவனுக்காகவே ஒயரை உதாரணம் காட்டி விளக்கியபோது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நாள் அவளைத் தரையில் கால் படாமல் தாங்கினான். ஆனால் பழுது என்றால் அவனுக்குத் திறந்து பார்க்க வேண்டும், கருகின இடம் கண்ணில் பட வேண்டும். நேற்று மாடிப்படி ஏறினவளுக்கு இன்று ஏற முடியவில்லை என்கிற கணக்கு அவனுக்குப் பிடிபடவே இல்லை. சண்டையெல்லாம் போட மாட்டான். "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ நாள் முடியாமல் எழுந்து அடுப்படியில் நின்றிருக்கிறாள். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், இவன் ஒருவன் நம்பினால் போதும் என்பது அவள் எண்ணம்.

வாலு என்று வீட்டில் கூப்பிடும் எட்டு வயது மகளோ, போன இரண்டு தடவையும் பூங்காவுக்குக் கிளம்பும்போது கடைசி நேரத்தில் அம்மா படுத்துவிட்டதை மறக்கவில்லை. "இந்தத் தடவை அம்மாகூடத்தான் ஏறுவேன். அப்பாகூட வேணவே வேணாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள்.

ராட்டினத்துக்கு வரிசை அனுமார் வால் மாதிரி வளைந்து வளைந்து போனது. தலைக்கு மேல் ஒரு தகரம்கூட இல்லை. உடம்பு முடியாதவர்களுக்கென்று பக்கத்தில் தனி வழி இருந்தது. குறுக்கே சங்கிலி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மீசைக்காரக் காவலாளி. அவள் ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள்.

"அட்டை எல்லாரும்தான் காட்டறாங்க மேடம். இது நடக்க முடியாதவங்களுக்கு. நீங்க நல்லாத்தானே நடந்து வந்தீங்க?"

"நடக்க முடியுது அண்ணே. வெயில்ல நிக்கத்தான் முடியாது."

"வெயில்ல நிக்க யாருக்குத்தான் முடியுது?" என்றாள் வரிசையில் இருந்த ஒரு குண்டு அம்மாள். "லிப்ஸ்டிக் போட முடியுது, நிக்க மட்டும் முடியலையாம்." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கணவன் அவள் காதருகே குனிந்தான். "கொஞ்சம் நொண்டித்தான் நடந்து காட்டேன். விட்டுடுவாங்க."

வாலு அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் எதுக்குங்க நடிக்கணும்?"

காவலாளி அவளை விட்டுவிட்டு, ஆம்பிளைக்கு ஆம்பிளை என்கிற மாதிரி அவன் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க சார். மேடத்துக்கு நிஜமாவே முடியாதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் வரிசையைப் பார்த்தான், அவள் உதட்டைப் பார்த்தான், பிடரியைச் சொறிந்தான்.

"முடியலைன்னுதான் சொல்றா."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் நீட்டிய அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டாள். கோபம்கூட அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது வெட்கம். ராத்திரி ராத்திரியாக மரத்துப்போன காலைப் பிடித்துவிட்டவன், இத்தனை நாளும் எதைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்தானோ. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பொது வரிசையின் வாலுக்குப் போய் நின்றாள்.

"ஏய், வேணாம். நிழல்ல உக்காரு. நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"நேத்து நல்லாத்தானே இருந்தேன்" என்றாள். "இன்னைக்கும் இருப்பேன்."

வீம்புதான், வேறென்ன. வரிசை நத்தையாக நகர்ந்தது. ஐஸ் கரைந்து வெந்நீரானது, துண்டு காய்ந்து போனது. முதலில் கால்விரல்கள் இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று. பிறகு முழங்கால். முன்னால் நிற்கிறவரின் சட்டைக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்தன. இப்போதே சொல்லிவிட்டு உட்காரலாம் என்று தெரியும். பின்னால் வந்து நிற்கிற கணவன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் தாங்க முடியாது என்பதும் தெரியும். வரிசை வளைந்து திரும்பி அதே சங்கிலியை ஒட்டி வந்த இடத்தில் அவளுக்குக் கால் என்று ஒன்று இல்லாமல் போனது.

விழுந்தது தெரியவில்லை. கன்னத்தில் சிமெண்டுத் தரை சுட்டது மட்டும் தெரிந்தது. யாரோ குடை பிடித்தார்கள். அந்தக் குண்டு அம்மாள்தான் "ஐயோ பாவமே, ஐயோ பாவமே" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கணவனின் குரல் கேட்டது.

"அவளுக்கு நரம்பு வியாதிங்க! நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க! தள்ளுங்க, காத்து வரட்டும்!"

குரல் நடுங்கியது. அதில் துளி சந்தேகம் இல்லை. இந்தக் குரலுக்காகத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். கேட்க ஆசையாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

வாலு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அம்மாவின் காதில் வாயை வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரகசியமாக, "சூப்பர்மா. எல்லாரும் நம்பிட்டாங்க. போதும், எந்திரி" என்றாள்.

நிஜம்டி கண்ணு என்று சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை.

காவலாளி அவசர அவசரமாகச் சங்கிலியைக் கழற்றி, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றான். "வாங்க மேடம், இப்படி வாங்க, இப்படி வாங்க."

"அம்மா, திறந்துட்டாங்க!" வாலு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு இரண்டு கையாலும் இழுத்தாள்.