மண் காயாமல்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. செவ்வாய்க்கிழமை காலை என் மகள் போனில், "கள்ளி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். "ஜம்முனு இருக்கு" என்றேன். அப்போது என் விரல் முள்ளுக்கு நடுவே அதன் அடித்தண்டில் இருந்தது. அழுகிய தக்காளி மாதிரி அமுங்கியது.

பயத்தில் எழுத உட்கார்ந்தேன். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவன் நான். அடுத்தவர் வாக்கியத்தில் கை வைத்தே பழக்கம்.

2

முதல் தொடக்கம்: "ஓர் இளம்பெண் செடிக்கடைக்குள் நுழைந்தாள்." (கூடாது. யாரோ மாதிரி இருக்கிறாள்.)

இரண்டாவது: "அடுப்பை அணைக்காமல் நான் வெளியே போனது மொத்தம் இரண்டு"

(சொல்ல வெட்கம். சொல்லாமல் கதை புரியாது.) மனைவி இறந்த பிறகு மகளும் நானும்தான். அவளுக்கு வெளியூரில் பெரிய வேலை கிடைத்தது. இந்தச் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுப்பு விவகாரத்தில் தயங்கிப்போனாள். பயிற்சிக்காக ஒரு மாதம் பக்கத்து ஊருக்குக் கிளம்புமுன் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

"எங்கப்பாவால சாகடிக்க முடியாத செடியா ஒண்ணு குடுங்க."

கடைக்காரம்மா, பூவை ஒட்டிவைத்த கள்ளிகளைத் தள்ளிவிட்டு, அடித்தண்டு கெட்டியாக இருந்த ஒன்றை எடுத்தார். தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். "வெயில் வர்ற ஜன்னல்ல வைங்க. சும்மா சும்மா கிட்ட போகாதீங்க. பட்டினி போட்டா தாங்கும், பாசம் காட்டினா செத்துடும்."

"ஒரு மாசம் இத உசுரோட வச்சிருங்கப்பா. நான் நிம்மதியா கிளம்பிடுவேன்" என்றாள் மகள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தொட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

3

கடைக்காரம்மா சொல்லச் சொல்ல மகள் ஒரு சீட்டில் எழுதி, தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். வரியின் கடைசி, ஈரத்தில் கரைந்துவிட்டது. மிஞ்சியது இவ்வளவுதான்:

மண் காயாமல் தண்ணீர் ஊற்ற

பழக்கதோஷம். பென்சிலை எடுத்து "வும்" சேர்த்தேன். மண் காயாமல் தண்ணீர் ஊற்றவும். இலக்கணம் சுத்தம். தினமும் ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை பொய் சொன்ன கையோடு கடைக்குப் போன் போட்டேன். "ஐயோ, மண்ணு காயாம ஊத்தக் கூடாதுன்னுல்ல சொன்னேன்!" என்றார் கடைக்காரம்மா. "கத்தியத் தொடச்சுட்டு, அழுகல் இல்லாத எடத்துல வெட்டுங்க. பத்து நாள் காயவிட்டு நடுங்க. பொழச்சா உங்க அதிர்ஷ்டம்."

எழுதியவரைக் கேட்காமல் வாக்கியத்தை முடிக்காதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

4

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். அது "நான்". கள்ளிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இவனுக்குத் தெரியாதா? கடையில் பக்கத்தில்தானே நின்றான்? ஒருவேளை, மகள் போகக் கூடாது என்று உள்ளுக்குள்

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன்.)

5

முடிவு அ: இதே மாதிரி வேறொரு கள்ளி வாங்கி வைக்கிறான். (நேற்று கடை வாசல் வரை போனேன். கால் உள்ளே போகவில்லை.)

முடிவு ஆ: வெட்டிய துண்டு வேர் விடுகிறது. (சனிக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள்.)

இ என்று எழுதும்போதே வாசல் கதவு திறந்தது. சனிக்கிழமை வர வேண்டிய மகள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். மேசையில் செய்தித்தாள், அதன்மேல் கள்ளித்துண்டு, கத்தி.

"ஜம்முனு இருக்குன்னீங்களேப்பா?"

"பொய்ம்மா. அழுகிடுச்சு. பயந்துட்டேன்."

சீட்டை எடுத்து என் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அப்புறம் கண் கலங்கியது.

"அடுப்பு?"

"அணைச்சுட்டேன்."

இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தோம். அணைந்துதான் இருந்தது.

அவள் போன் அடித்தது. அலுவலகம். "சொல்லுங்க சார். ஆமா, முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

அடுத்து அவள் சொன்னதைக் கேட்டேன். எழுத மாட்டேன், எழுதினால் எனக்கு வசதியாகத் திருத்திவிடுவேன். நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போவீர்களா? எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.