களிம்பு ஏறிய கேசட்

மச்சானின் கடையில் வீடியோ கேம் பெட்டிகள் வயது வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. கீழே கேசட் செருகுபவை, நடுவில் சிடி போடுபவை, மேலே எதையுமே செருக வேண்டாதவை. மூன்று வகையும் பழுதுபார்க்க வந்திருந்த அவன் வீட்டிலும் இருந்தன. எல்லாம் அவன் மனைவியுடையவை. கேசட்டை ஊதிவிட்டுத்தான் செருகுவாள். சிடி என்றால் ஆவி விட்டுச் சட்டை நுனியால் துடைப்பாள். இணையத்தில் இறக்கி ஆடும் புதியது வந்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எங்கங்க ஊதுறது?" என்றாள். படுக்கையில் விழுந்த பிறகு முதல் பெட்டியைத்தான் கேட்டாள். அவள் போய் ஐந்து மாதமாகிறது.

அவன் கேசட்டை மேசைமேல் வைத்தான்.

"திரையில ஒண்ணும் வரல மச்சான். கடைசியா அவ ஆடினது இதுலதான் சேவ் ஆகியிருக்கு. அது அழியக் கூடாது."

மச்சான் அவளுக்கு அண்ணன். கேசட்டின் திருகாணிகளைக் கழற்றினார். செம்புப் பற்கள் பச்சையாக இருந்தன.

"ஏன் மாப்ள, ஊதுனீங்களா, ஊத்துனீங்களா?"

"ஊதினாத்தான் ஓடும்னு அவ சொல்லுவா."

"ஊதாதேன்னு பத்து வயசுல இருந்து சொல்றேன். கழுதை கேட்டாத்தானே. எச்சில் பட்டுப் பட்டுக் களிம்பு ஏறிடுச்சு."

களிம்பு என்றதும் அவன் விரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. கடைசி இரண்டு மாதமும் அவள் முதுகில் காலையும் மாலையும் தடவிய மருந்துக்கும் அதுதான் பெயர்.

மச்சான் காதுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்தார். பற்கள் அருகில் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"துடைக்கட்டுமா?"

அந்தப் பச்சை அவள் மூச்சு. இருவருக்கும் தெரியும்.

"துடைங்க," என்றான்.

உள்ளே பொட்டு போல ஒரு பேட்டரி. சேவ் ஆனது அதன் உயிரில்தான் நின்றது. மீட்டர் இரண்டே கால் வோல்ட் காட்டியது, மூன்று வேண்டும். பழையதைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும். புதியதைப் பக்கத்தில் ஒட்டவைத்த பிறகே பழையதை எடுக்க வேண்டும்.

"புதுசோட கம்பியப் பிடிங்க. கை ஆடுச்சு, அவ்வளவுதான்."

"ஆடாது." அவள் போனதிலிருந்து அவன் கை நடுங்கியதே இல்லை. எதுவுமே நடுங்கவில்லை. ஈயம் உருகி, பழைய பேட்டரி கழன்று விழுந்தது.

கேசட்டைச் செருகிப் பெட்டியை ஓடவிட்டார்கள். திரையில் சேவ் செய்யும் மூன்று இடங்களில் முதலாவதில் அவள் பெயர். மற்ற இரண்டும் காலி.

அவன் மூச்சை விட்டான். "போதும் மச்சான். அணைச்சிடுங்க."

"மாப்ள." மச்சான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உள்ள போய்ப் பார்க்கட்டுமா? சேவ் பண்ண மாட்டேன். நடக்க மட்டும்."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகாது. அணைச்சா, திரும்பவும் அவ விட்ட இடத்துலதான் வந்து நிக்கும்."

அவன் தலையசைத்தான்.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன உருவம் நின்றிருந்தது. மச்சான் அதை மரங்களுக்குள் நடத்தினார், திருப்பிக் கூட்டிவந்தார். கரடியோ பூதமோ வந்தால் ஓடினார், சண்டை போடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண்ணீர் மறைத்ததோ என்னவோ, உருவம் ஒரு பாறையில் முட்டிக்கொண்டே நின்றது. மச்சானின் கை தானாக அணைக்கும் பொத்தானுக்குப் போனது.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது அவன் கை நடுங்கியது.

"இன்னும் கொஞ்சம் நடக்கட்டும் மச்சான்."