மாமாவின் தொங்கு கள்ளி

செருப்பைக் கழற்றியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "எங்கடா அது?" என்பதுதான். மகளின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவள், பேரனின் படத்தைக்கூடக் காட்டவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடியே, தம்பி கைகாட்டிய குளியலறை ஜன்னலை நோக்கி நடந்தாள். அவன் பின்னால் போனான். அடுப்படி வாசலில் நின்ற அவன் மனைவி, இப்போதாவது சொல்லித் தொலையுங்கள் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள்.

ஜன்னல் கம்பியில் தொங்கிய தொட்டியிலிருந்து, அவிழ்ந்த நூல்கண்டுபோலப் பச்சைத் தண்டுகள் வழிந்துகொண்டிருந்தன. முள்ளில்லாத கள்ளி. காட்டில் பெரிய மரங்களின் கிளையில் தொற்றிக்கொண்டு, நிழலிலும் ஈரக்காற்றிலும் வளர்கிற சாதி. இது அவனுக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கிளம்பும் அவசரத்தில் அக்கா, "கள்ளி வகைதான்டா, ரொம்பத் தண்ணி ஊத்தாதே" என்று மட்டும் சொல்லியிருந்தாள். கள்ளி என்றால் வெயில் என்று அவனே முடிவு செய்துகொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபது வருடமாக லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன்; அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது. தொட்டியை மொட்டைமாடியில் வைத்தான். எல்லாப் பக்கமும் வெயில் சமமாகப் படவேண்டும் என்று விளிம்பில் நான்கு கோடு போட்டு, தினமும் காலையில் கால் சுற்று திருப்பினான். ஒருநாள்கூடத் தவறவில்லை. தண்டுகள் சிவந்தபோது, பூக்கப்போகிறது என்று மனைவியிடம் பெருமையடித்தான். நான்காவது வாரம், தொட்டால் உதிர்ந்தது. ஒரு சோம்பேறியிடம் விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

மாமா போய் இரண்டு வருடம். சட்டைகள், வண்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அக்கா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். "உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான்" என்று சொல்லித்தான் தொட்டியை அவன் கையில் தந்தாள்.

நர்சரிக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். "அச்சு அசல் அதேதான் சார். பெத்தவளுக்கே வித்தியாசம் தெரியாது." பழைய தொட்டியில் அதை நட்டு, நான்கு கோடுகளையும் துணியால் அழுத்தித் துடைத்தான்.

அக்கா தண்டுகளை விரல்களால் கோதிவிட்டாள். "நல்லாத் தேறிடுச்சேடா! எங்க வீட்ல இப்படி இருந்ததே இல்ல. உங்க மாமா குளிச்சிட்டு ஈரத் துண்டை இதுமேலதான் உதறுவாரு. 'நீயும் குளிச்சுக்கோடி'ம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். கட்டினவளைவிட இதுக்குத்தான் செல்லம்."

"அக்கா…"

"என்னடா?" திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"காபிக்குச் சக்கரை போடலாமா?"

"நாப்பது வருஷமா தெரியாதாக்கும்! போடச் சொல்லு."

அடுப்படியில் கரண்டி ஒன்று தேவைக்கு அதிகமான சத்தத்தோடு விழுந்தது.

காபி குடித்ததும் அக்கா கத்தரிக்கோல் கேட்டாள். செழிப்பான ஒரு தண்டாகப் பார்த்து நறுக்கி அவனிடம் நீட்டினாள். "நீயும் ஒண்ணு வெச்சுக்கோ. அவரு இருந்திருந்தா உனக்குத்தான் குடுத்திருப்பாரு. உன் கை சுத்தம்னு சொல்லிட்டே இருப்பாரு மனுஷன்." அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வாடகைக் காரில் போனாள். கார் முனை திரும்பியதும் மனைவி சொன்னாள்: "தொட்டியைத் திருப்பினீங்க. இப்போ பேச்சையும் காபிப் பக்கம் திருப்பிட்டீங்க. பெரிய கெட்டிக்காரர்தான்."

மதியம் கடைக்குப் போனதும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இழுப்பறையைத் திறந்தான். லென்ஸ் தட்டு ஒன்றில் ஈரப்பஞ்சின்மேல், மொட்டைமாடியில் உதிர்ந்ததிலிருந்து பொறுக்கிய ஒரு துண்டு கிடந்தது. விரல் நீளம். ஒரு பக்கம் மட்டும் பச்சை மிச்சமிருந்ததால் எடுத்து வைத்தது. இரண்டு மாதமாக நாளுக்கு நான்கு சொட்டுத் தண்ணீர். அக்கா கொடுத்த தண்டைப் பக்கத்தில் வைத்தான். அதன் கொழுகொழுப்புக்கு முன்னால் இது சுள்ளியாகத் தெரிந்தது.

உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி, விளக்கைத் தாழ்த்தினான். பழைய துண்டின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒன்று, மயிரிழைபோல. வேரா, பஞ்சு நூலா? அவன் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தான்.