அத்தா என்றழுத பொடியன்

மழைக்குப் பயந்து சுற்றுலாக்காரர் ஒருத்தர்கூட மலையூர் பஜார் பக்கம் எட்டிப்பார்க்காத காலை. தைலப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஷைமா துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, போனைக் கல்லாப்பெட்டிமேல் சாய்த்துவைத்தாள். அவளுடைய அனிமே தமிழ் சப்டைட்டிலோடு வந்துவிட்டது.

அவளுடையது என்றால் அவள் எடுத்ததல்ல, ஜப்பானில் எவரோ எடுத்த கார்ட்டூன் படம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் உட்கார்ந்து தமிழ் எழுதியவள் அவள்தான். இப்போது பெரிய ஓடிடி கம்பெனி ஒன்று அதை முறைப்படி வெளியிட்டிருக்கிறது.

"கடைசியில ஒம் பேரு வருமாடி?" என்று கேட்டாள் அம்மா ஃபக்ருன்னிசா. கை பாட்டுக்குச் சாக்லேட்டுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வரும்மா. குமரகுரு அண்ணன் சொல்லிருக்காரு."

குமரகுரு வத்தலக்குண்டுக்காரன். பழனி முருகன் பேரை வைத்துக்கொண்டு அவன் செய்த காரியத்துக்கு அந்த முருகன்தான் கேட்கவேண்டும். ஒரு வாள்சண்டை வீடியோ கேமுக்காக அவன் டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் குழு வைத்திருந்தான். அந்த கேமிலிருந்து அனிமே வந்தபோது தமிழில் யாரும் அதைச் சீந்தவில்லை. நாமே சப்டைட்டில் எழுதுவோம் என்று குழு வரிந்துகட்டிக் கிளம்பியது. கிளம்பியதுதான் குழு, எழுதியது ஷைமா ஒருத்தி. மற்ற மகராசன்கள் எந்த வாளுக்கு வெட்டு அதிகம், எந்த நாயகி அழகு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். குழுவில் அவள் பேர் 'தைலக்கடை'. அது ஒரு பெண் என்பதே குமரகுருவைத் தவிர எவனுக்கும் தெரியாது.

அவளைப் பெற்ற அத்தா அமானுல்லா படுக்கையில் விழுந்தபிறகு, அவர் கட்டிலோரம் உட்கார்ந்துதான் எழுதுவாள்.

"இம்புட்டு எழுதுறியே, இதுல ஒம் பேரு எங்க தாயி வரும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"கடைசியில வரும் அத்தா" என்றாள். பச்சைப் பொய். குழு வெளியிட்ட சப்டைட்டிலில் யார் பேரும் வராது. அவர் அதை நம்பிச் சிரித்தார், அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். கம்பெனியோடு பேசிவிட்டேன், ஃபைலையெல்லாம் அனுப்பு, உன் பேரைப் போடுவார்கள் என்று குமரகுரு சொன்னபோது, அத்தாவிடம் சொன்ன பொய் மெய்யாகப் போகிறதே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒன்று விடாமல் அனுப்பிவைத்தாள்.

படம் ஓடியது. வரிக்கு வரி அவளுடையது. 'ஒஞ் சோலியப் பாரு' என்று வில்லனைப் பேசவைத்தது, கிழவன் இருமிக்கொண்டே திட்டுவது, எல்லாம். சாக்லேட்டை விட்டுவிட்டு அம்மாவும் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அப்பன் செத்துக் கிடக்க, பொடியன் ஒருவன் அவர்மேல் விழுந்து கதறும் இடம் வந்தது.

*அத்தா! எந்திரிங்க அத்தா!*

அம்மா நிமிர்ந்தாள். "ஏண்டி, இந்தப் பய நம்மாளா?"

ஷைமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன் அத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் எழுதிய காட்சி அது. அப்பா என்று எழுதத்தான் உட்கார்ந்தாள், கை அத்தா என்று எழுதிவிட்டது. குழுவில் அதற்குக் கேலியான கேலி. "'அத்தான்'னு எழுத வந்து 'ன்' விட்டுப்போச்சா மச்சி?" என்றான் ஒருவன். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் அந்த ஒரு சொல்லை மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

கடைசியில் பேர் வந்தது. *தமிழில்: குமரகுரு.*

"என்னடி, ஒன்னையக் காணோம்?" என்றாள் அம்மா. ஷைமா போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள். குமரகுருவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, என் பேரு எங்கண்ணே?"

"ஏம்மா, கோவப்படாம கேளு" என்றான் குமரகுரு. குரலில் தேன் வழிந்தது. "அடுத்தவன் படத்துக்கு நம்ம கேக்காமக் கொள்ளாம எழுதுனதும்மா அது. அதுவே திருட்டு வேல. ஒம் பேரப் போட்டா நாளைக்கு ஒன்னையத்தான் புடிப்பாங்க. ஒன்னையக் காப்பாத்தத்தான் எம் பேரு போட்டேன்."

"அப்ப ஒங்களப் புடிக்க மாட்டாங்களா?"

"நான் இப்ப கம்பெனி ஆளும்மா. சரி, மீட்டிங் இருக்கு." போனை வைத்துவிட்டான் படுபாவி.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மழை உறைக்கவில்லை. குழுவுக்குள் போய் எழுதினாள்: 'கம்பெனி வெளியிட்டது என் சப்டைட்டில். நம்பாதவர்கள் பொடியன் அழும் இடத்தைப் பாருங்கள். அத்தா என்று இருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். வேறு யார் எழுதினாலும் அந்தச் சொல் வராது.'

குழு கொதித்தது. கொதித்தது அவளுக்காக என்று அவள் நினைத்ததுதான் பேதைமை. "காசு வாங்கிட்டு இப்படியா தப்புத் தப்பா எழுதுவானுங்க?" என்றான் ஒருவன். "அழுகுற சீன்ல சிரிப்பு வந்துருச்சு மச்சி" என்றான் இன்னொருவன். எல்லாரும் சேர்ந்து கம்பெனிக்குப் புகார் தட்டிவிட்டார்கள். யார் எழுதியது என்று ஒருவனும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குமரகுரு குழுவில் அறிவிப்புப் போட்டான்: 'பிழை திருத்தப்பட்டது. சுட்டிக்காட்டிய தைலக்கடைக்கு நன்றி.'

கீழே வரிசையாகக் கைத்தட்டல்கள். அத்தனை எழுதியதற்கும் அவளுக்குக் கிடைத்த நன்றி அது ஒன்றுதான், அதுவும் அவள் அத்தாவைத் தானே காட்டிக்கொடுத்ததற்கு. இனி என்னுடையது என்று அவள் எதைக் காட்டுவாள்? அடையாளமாக இருந்த ஒரே சொல்லையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று.

அன்று சாயங்காலம் பாலசமுத்திரத்திலிருந்து சின்னம்மா வந்திருந்தாள். அம்மா அவளைக் கடைக்குள் இழுத்து உட்காரவைத்து, "அத்தான்னு அழுவானே ஒரு பய, அத வையிடி. இவ பாக்கட்டும்" என்றாள். ஷைமாவுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்தாள்.

*அப்பா! எழுந்திருங்கள் அப்பா!*

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"என்னடி இது, அத்தாவக் காணோம்?"

"திருத்திட்டாங்கம்மா. தப்பா இருந்துச்சாம்."

"தப்பா?" அம்மா அவளையே பார்த்தாள். "யாருடி சொன்னா?"

"நாந்தாம்மா" என்றாள் ஷைமா.