அம்மா குரல்

வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நடுவில் எங்காவது பிசகினால் அதற்குக் காரணம் மறதி இல்லை, குமட்டல்.

மயிலாப்பூரில் ஒரு தர்மப் பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்குப் பகலில் எலெக்ட்ரீஷியனுக்கு உதவியாள் வேலை. மாலையில் தி. நகரில் ரேடியோ ரிப்பேர் வகுப்பு. அதனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்து இறங்கியபோது அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் அறையில் வைக்க வேண்டுமாம்.

அந்த அறைக்குள் போவதென்றாலே எனக்கு ஆகாது. பினாயில், புளித்த பால், சூடேறிய ரப்பர் எல்லாம் கலந்த வாடை சட்டையில் ஏறி வகுப்பு வரைக்கும் கூட வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு பையனை முதலில் பார்த்தபோது தோலுரித்த அணில்தான் நினைவுக்கு வந்தது. ஒரு குழந்தையைப் பார்த்து இப்படித் தோன்றுகிறவன் என்ன மனிதன் என்று கேட்டுக்கொண்டேன். ஆனாலும் தோன்றியது.

பையனின் தாய் பெயர் ஜஹீதா. புருஷன் இனாயத் பாண்டி பஜாரில் தையல்காரர். பையனுக்கு மூச்சு அவ்வப்போது நின்றுவிடும். உடம்பு நீலம் பாயும். நர்ஸ் பேச்சியம்மாள் உள்ளங்காலில் விரலால் சுண்டுவார். அவன் திடுக்கிட்டு மறுபடியும் மூச்சு இழுப்பான். இப்படித்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தாய் மட்டும் உள்ளே வரக்கூடாது, கிருமி வரும் என்பது சட்டம். ஜஹீதா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள்.

டாக்டர் கருணாகரன் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். "பெட்டிக்குள்ள இந்தக் குழந்தைங்களுக்கு மோட்டார் சத்தம் தவிர வேற ஒண்ணும் கேக்கறதில்ல. வெளிநாட்டுல அம்மா குரலை டேப்ல போட்டுக் கேக்க வைக்கிறாங்க. எடை ஏறுது, மூச்சு சீராகுதுன்னு எழுதியிருக்காங்க. மேட்ரன், அம்மா குரலை ரெக்கார்ட் பண்ண ஏற்பாடு பண்ணுங்க."

அந்த ஆஸ்பத்திரியில் அம்மா என்றால் ஒரே ஆள்தான். தி. நகரில் பெரிய பட்டுக்கடைக்காரரின் மனைவி, எங்கள் கமிட்டித் தலைவி, கண்ணாடிப் பெட்டிகளை வாங்கித் தந்தவர். 'அம்மா வர்றாங்க' என்று சொன்னால் வராந்தாவை மறுபடியும் கழுவுவார்கள். மேட்ரன் சரோஜாதேவி ஒரு கணமும் யோசிக்கவில்லை. நேராகப் போய் போன் செய்தார்.

அம்மா மறுநாளே வந்தார். வாய் நிறைய வெற்றிலை. மைக்கைத் தட்டிப் பார்த்து, "ஏ தம்பி, இதுல என்னத்தப் பேசணும்?" என்றார்.

"குழந்தைகிட்டப் பேசற மாதிரிங்க."

தொண்டையைச் செருமினார். மைக்கின் வலையில் சிவப்பாக ஒரு துளி வந்து ஒட்டியது. "அன்புள்ள குழந்தைகளே, ஒங்களுக்காக நம்ம கமிட்டி எம்புட்டோ பாடுபட்டிருக்கு" என்று ஆரம்பித்து, கட்டடத்துக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லி, கடைசியில் மூக்கால் ஒரு தாலாட்டுப் பாடினார். மேட்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் இல்லை. அவர்கள் போனபின் மைக்கைப் பஞ்சால் துடைத்தேன். எவ்வளவு துடைத்தும் பாக்கு வாசனை போகவில்லை.

பெட்டியின் ஓரத்தில் சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தி, காலையும் மாலையும் அந்த டேப்பை ஓடவிட்டேன். ஒருநாள் வெளியே வந்தபோது ஜஹீதா வழிமறித்தாள்.

"அண்ணே, உள்ள யாரு அது, கத்திக்கினே கீறாங்க?"

"அம்மா குரல். அம்மா குரல் கேட்டா குழந்தைக்கு மூச்சு சீராகும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

ஜஹீதா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ நானு யாருண்ணே? பக்கத்தூட்டுக்காரியா? என் கொரல புடிச்சிக்கினு போய்ப் போடேன். அவனுக்கு என் கொரலு தெரியும்ணே."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். முதலில், "அடடா, நான் சொன்னது பெத்த அம்மாவைப்பா" என்று சிரித்தார். மாற்றிவிடலாமா என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

"பெரியவங்க ஆசையாப் பேசியிருக்காங்க. இன்னும் ரெண்டு பெட்டி வேற தர்றதா இருக்காங்க. ஓடட்டும் விடு. பச்சைக் குழந்தைக்கு யார் குரல்னு என்ன தெரியப் போகுது?"

தெரியும் என்பதால்தானே சார் இந்த மெஷினே என்று கேட்க நினைத்தேன். மருத்துவம் படித்தவர் அவர், டேப் சுருள் மாட்டுகிறவன் நான் என்று, சுருளை மாட்டவே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தன் சினேகிதிகளையும் ஒரு போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டரும் மேட்ரனும் பின்னாலேயே வந்தார்கள். தாயை உள்ளே விடாத கதவு விரியத் திறந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லவும் ஆளில்லை. மல்லிகையும் சென்ட்டும் வியர்வையும் அந்தச் சின்ன அறையை அடைத்துக்கொண்டன. டேப்பைச் சத்தமாக வைக்கச் சொன்னார் மேட்ரன். அம்மா பெட்டியின் துளை வழியாகக் கையை விட்டார். கழுவாத கை. மோதிரக் கல் பையனின் கன்னத்தில் உரசியது.

"பாருங்கட்டி, எம்புட்டு அமைதியாக் கேக்கான்!"

அவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. காது மடல் நீலமாகிக்கொண்டிருந்தது.

"மூச்சு! வழி விடுங்க!" என்று பட்டுப் புடவைகளுக்குப் பின்னாலிருந்து பேச்சியம்மாள் கத்தினார். தாலாட்டு அதைவிடச் சத்தமாக இருந்தது. திறந்த கதவு வழியாக ஜஹீதா பார்த்துவிட்டாள். எல்லோரையும் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, மறுபக்கத் துளையில் கையை விட்டு, நர்ஸ் செய்வதைப் பார்த்துப் பழகியபடியே உள்ளங்காலைச் சுண்டினாள்.

"ஏய் நைனா! இன்னாடா தூக்கம்? ஏந்திருடா! ஒங்கம்மா வந்துகீறேன், மூச்ச வுடுடா!"

மறுபடியும் சுண்டினாள். கால் உதறியது. பூனைக்குட்டியின் குரலில் ஓர் அழுகை வந்தது. சுண்டியதுதான் காரணம், குரல் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மறுக்கத் தெரியாது.

அம்மா வெளியே இருந்த கையை மார்பில் வைத்துக்கொண்டார். "எம் பாட்டக் கேட்டு அழுதுட்டானே!"

சினேகிதிகள் கைதட்டினார்கள். டாக்டரும் தட்டினார். வாயில் புளிப்பாக ஊறியது எனக்கு. விழுங்கினேன்.

"அத்த நிறுத்துண்ணே, நான் பேசறது அவனுக்குக் கேக்கல," என்றாள் ஜஹீதா, திரும்பாமலே.

பிளக்கைப் பிடுங்கினேன். தாலாட்டு கனத்து, ஆண்குரலாகி, இழுத்து நின்றது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று மேட்ரன் பல்லைக் கடித்தார்.

"அம்மா சொன்னாங்க."

மேட்ரன் கமிட்டித் தலைவியின் பட்டுப் புடவையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி ஒதுங்கினார்.

"கையை எடும்மா, மறைக்குது," என்றார் போட்டோக்காரர் ஜஹீதாவிடம்.

"எடுக்கமாட்டேன்."

விருந்தாளிகளுக்கு முன்னால் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது டாக்டருக்கு. "இப்படி அழுக்குக் கையோட வரலாமா? நாளையிலேர்ந்து சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் உள்ள வரணும்!" என்று அவளை அதட்டினார்.

"குளிச்சிட்டே வர்றேன் டாக்டரு. நாளிக்கி, நாளானிக்கி, தெனிக்கும் வர்றேன்," என்றாள் ஜஹீதா. உள்ளே வர அனுமதி கொடுத்துவிட்டோம் என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. விருந்தாளிகள் எதிரில் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லை.

அம்மா தன் கையை வெளியே எடுத்தார். குழந்தை பட்ட விரல்களை ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார். பிறகு போட்டோவுக்குச் சிரித்தார். ஜஹீதாவின் விரல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. யாரையும் பார்க்காமல் மகனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.