அப்பா விளையாட்டு

தாயம்மா பெரியம்மா குழந்தையிடமிருந்து பிடுங்கிய பொம்மையை யசோதா திரும்பப் பிடுங்கினாள்.

“சாவு வூட்ல இன்னாடி வெளையாட்டு? நாலு பேர் பாத்தா சிரிப்பாங்க.”

“கொழந்த அது. வெளையாடினாத்தான் அதுக்குப் புரியும். நீங்க சும்மா இருங்க பெரிம்மா.”

காலையிலிருந்து இதே ரோதனை. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பின் அந்தச் சின்ன வீட்டில், ஐஸ் பெட்டிக்குள் யசோதாவின் தம்பி மகிழன் கிடக்கிறான். அவன் மகள் தென்றலுக்கு நாலு வயது. அப்பா தூங்குகிறார் என்கிறாள் ஒருத்தி. ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்கிறாள் இன்னொருத்தி. கண்ணெதிரே படுத்திருப்பவரை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் பிள்ளை எதைத்தான் நம்பும்? மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள். அதற்குள் யாராவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். அழுது மயங்கிக் கிடக்கும் அம்மாக்காரியால் ஆகாது.

யசோதாவுக்கு இதுதான் தொழில். விளையாட வைத்தே குழந்தைகளின் மனக் காயத்தை ஆற்றுகிறவள். ‘செத்துப்போயிட்டார்னு நேராச் சொல்லுங்க’ என்று எத்தனையோ பெற்றோருக்குப் பாடம் எடுத்தவள். இன்றைக்கு அந்த வார்த்தை அவள் வாயிலேயே வரவில்லை. பையிலிருந்து முகங்கள் வரைந்த அட்டைகளை எடுத்து, “உன் மனசு இதுல எது மாதிரி கீதும்மா?” என்று கேட்டாள். தென்றல் அட்டைகளை வரிசையாக அடுக்கி, அதன்மேல் சின்னக் கார் ஒன்றை ஓட்டினாள். எட்டு வயதுக்கானதை நாலு வயதிடம் நீட்டிய மடத்தனம் யசோதாவுக்கு எரிச்சலாக இருந்தது.

“சரி, நீயே சொல்லு. இன்னா வெளையாடலாம்?”

“நீ அப்பா. படு.”

வந்தவர்களின் கால்களுக்கு நடுவே, பெட்டியை ஒட்டி, யசோதா படுத்துக் கண்ணை மூடினாள்.

“அப்பா, எய்ந்திரு.” தென்றல் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எய்ந்திருப்பா!”

எழுந்துவிட்டால் அவளும் பொய் சொன்னவளாகிவிடுவாள். அசையவில்லை.

“ஐயோ, இவளுக்கும் கிறுக்குப் புடிச்சிச்சா!” பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“எய்ந்திருக்க மாட்டியா?”

“முடியாதும்மா. அப்பா செத்துப்போயிட்டேன்.”

“நாளைக்கி?”

“நாளைக்கும் முடியாது.”

“என்னை ஸ்கூல்ல வுட்றதுக்கு?”

“அதுக்கும் முடியாதும்மா.”

உலுக்கல் நின்றது. சின்னக் கைகள் யசோதாவின் துப்பட்டாவை இழுத்துக் கழுத்துவரை போர்த்தின. ஓரங்களை இரண்டு பக்கமும் அடியில் செருகின. முகத்தை மூடவில்லை.