ஈரம் காயாத பேரீச்ச மரம்

பாக்தாத்தில் இன்னும் மன்னர் ஆட்சி இருந்த காலம். ஹிக்மத் என்ற ஓவியர் ஆற்றங்கரை, பேரீச்ச மரம், வெயில் என்று புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தே பெயர் வாங்கினவர். ஆனாலும், கண்ணுகளா, தன் படங்களே தனக்குச் சலித்துப்போனால் மனுஷன் என்ன செய்வான்?

அந்த மழைக்காலத்தில்தான் யூனான் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். அவனும் ஓவியன், வயதில் இளையவன், ஹிக்மத் மேல் உயிரையே வைத்திருந்தவன். அவன் காட்டின படத்தில் ஒரு பேரீச்ச மரம் உடைந்த கண்ணாடி மாதிரி துண்டு துண்டாக நின்றது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பார்வையில் தெரிந்தன.

"எப்படி இருக்கு அண்ணே?"

"ஏன்டா, மரத்து மேல லாரி ஏறிடுச்சா?"

கேலி பண்ணிவிட்டு வந்தாரே தவிர, அந்த மரம் அவரை விடவில்லை. மறுநாளே தானும் அப்படி ஒன்று வரைந்தார். வெள்ளைச் சாயத்தைத் தட்டைக் கத்தியால் கெட்டியாக அப்பினார். நன்றாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கையெழுத்துக்குப் பக்கத்தில் வருஷம் போடும்போது, மூன்று வருஷத்துக்கு முந்தின வருஷத்தைப் போட்டுவிட்டார்.

தேநீர் கொண்டுவந்த மனைவி பத்ரியா படத்தின் மூலையில் இருந்த வருஷத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, மூணு வருஷத்துக்கு முந்தி வரைஞ்ச மரத்துல இன்னும் பெயின்ட் நாத்தம் அடிக்குதே?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

அடுத்த மாதம் இருவர் படங்களும் மாட்டின கண்காட்சி. கெட்டியாக அப்பின சாயம் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஹிக்மத், "தொடாதீங்க, தொடாதீங்க" என்று படத்துக்குக் காவல் நின்றார்.

"அப்பவே இந்தப் பாணிக்கு வந்துட்டீங்களா! எல்லாருக்கும் முந்தி நீங்கதான்" என்றார்கள் வந்தவர்கள். அவர் மறுக்கவில்லை.

யூனான் வந்து படத்தின் மூலையில் இருந்த வருஷத்தைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. சண்டைக்கு வந்திருந்தால் தேவலை.

"மன்னிச்சிருங்க அண்ணே. உங்க வீட்ல எப்பவோ இதைப் பாத்திருப்பேன் போல. மறந்துட்டு, நானா கண்டுபிடிச்சதா நினைச்சுட்டேன். அன்னிக்கு நான் பெருமையா காட்டினப்பகூட நீங்க ஒரு வார்த்தை சொல்லல. உங்களுக்குப் பெரிய மனசு."

எதிர்ச்சுவருக்குப் போய்த் தன் படங்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

"டேய், என்ன பண்ற?"

"திருட்டுச் சரக்கை மாட்டி வைக்கலாமா? இனி பிரஷ்ஷைத் தொடமாட்டேன். அப்பாவோட மீன் கடை இருக்கு. மீன் யாரையும் ஏமாத்தாது."

ஹிக்மத் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து, அவன் விரலைத் தன் மரத்தின் மேல் வைத்து அழுத்தினார். வெண்ணெய்க்குள் போவதுபோல விரல் உள்ளே போனது.

"ஈரம்" என்றான் யூனான்.

"போன மாசம் வரைஞ்சேன். உன்னோடதைப் பாத்துட்டு." கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

யூனான் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். "சொல்லியிருந்தா சேர்ந்தே வரைஞ்சிருப்போமே அண்ணே."

அவன் கழற்றினவற்றை ஹிக்மத்தே திரும்ப மாட்டினார். அவன் ஓர் ஆணிகூட எடுத்துக் கொடுக்கவில்லை. வெள்ளை ஒட்டின விரலைத் துடைக்காமலே மழையில் இறங்கிப் போனான்.

அன்றைக்கே ஹிக்மத் வருஷத்தைத் திருத்தினார். மரத்தில் பதிந்த விரல் குழியை மட்டும் கடைசிவரை பூசி மூடவில்லை.